லெமினேட்டிங் அக்காவும் நான் போகாத சென்னையும்

மாத்தளையில் லெமினேட் செய்யப்படாத கடதாசி ஒன்று மிச்சமிருந்தால், அது லெமினேட்டிங் அக்காவின் கண்ணில் இன்னும் படவில்லை என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. அவருடைய உண்மைப் பெயரை நான் கேட்டதேயில்லை. கேட்டிருந்தால் அதையும் ஓர் அட்டையில் எழுதி லெமினேட் பண்ணித் தந்திருப்பார்.

ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, காதலன் எழுதிய கடைசிக் கடிதம் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஒருமுறை ஒரு பெரியவரின் கிளினிக் அட்டையையும் மெஷினுக்குள் விட்டுவிட்டார். டாக்டர் அடுத்த தேதியை எழுதப் பார்த்தால் பேனா வழுக்கிக்கொண்டே போகிறது. பெரியவர் கடைக்கு வந்து ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு, எந்தக் கடதாசி வந்தாலும் அக்கா மூன்று கேள்வி கேட்பார்: "எழுதணுமா? மடிக்கணுமா? சீல் குத்தணுமா?" மூன்றுக்கும் இல்லை என்றால்தான் மெஷின் சூடாகும்.

இனி என் வீரக்கதை. உயர்தரப் பரீட்சையில் நான் எடுத்த புள்ளிக்கு மட்டக்களப்பில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. அதே மாதம் சென்னையிலிருந்து ஒரு பல்கலைக்கழகமும் புலமைப்பரிசிலோடு கூப்பிட்டது. தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"நம்ம பாட்டன் இந்தியாவுலயிருந்து வந்து மன்னார்ல எறங்கி நடந்தே மாத்தளைக்கு வந்தாரு. நீ பிளேன்ல திரும்பிப் போறடா!"

பெட்டிகூட வாங்கியாயிற்று. நானோ, கேட்டவர்களிடமெல்லாம் "ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று மந்திரி மாதிரி பதில் சொன்னேன். பாடத்திட்டம், விடுதி, வேலைவாய்ப்பு என்று ஒரு கொப்பி நிறைய எழுதினேன். உண்மையில் எனக்குப் பயம். அதுவரை நான் போன தூரதேசம் பக்கத்திலிருக்கும் சீகிரியா மலை. அதுவும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில், பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மட்டக்களப்பு என்றால் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி அம்மா சோற்றுக்கு வந்துவிடலாம். சென்னையிலிருந்து எந்த பஸ் வரும்? இதை அப்பாவிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை.

சென்னைக்குப் போவதென்றால் உயர்தரச் சான்றிதழின் மூலப்பிரதியில் கொழும்பில் சீல் வாங்கவேண்டும். லெமினேட் செய்திருந்தால் குத்தமாட்டார்கள். புதுப் பிரதி எடுப்பதற்குள் சேரும் தேதி போய்விடும். இதெல்லாம் நன்றாகத் தெரிந்துதான் சான்றிதழோடு அக்கா கடைக்குப் போனேன்.

"எழுதணுமா?"

"இல்லக்கா."

"மடிக்கணுமா?"

"இல்லக்கா."

"சீல் குத்தணுமா?"

நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடி, "இல்லக்கா" என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். "தம்பி, உள்ள போனா திரும்ப உரிக்க முடியாது. நீ இந்தியா போறேன்னு ஒங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரே?"

"தெரியும்க்கா. போடுங்க."

போட்டார்.

அப்பா கேட்டபோது, "அக்காதான் போட்டுட்டாங்க" என்றேன். வாக்கியம் உண்மை, சொன்னவன் பொய்யன். மறுநாள் அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போய் அக்கா கடை வாசலில் நின்றார்.

"ஏம்மா, புள்ளையோட வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே! ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

நான் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தப்புதாங்கய்யா. கேக்காம போட்டுட்டேன்" என்றார் அக்கா.

ஊரிலேயே கேட்காமல் எதையும் போடாத மனுஷி அவர். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை என்ற குறை அன்றோடு தீர்ந்தது.

மாதம் மூன்று முறை வீட்டுக்கு ஓடிவந்து, அம்மா சோறு தின்றபடியே மட்டக்களப்பில் பட்டமும் வாங்கிவிட்டேன். அப்பாதான் அந்தக் கடைப் பக்கம் திரும்புவதில்லை. ஒரு ஃபோட்டோகொப்பிக்காக அலுவிகாரை வரை பஸ் ஏறுகிறார்.

போன மாதம்தான் துணிந்து கேட்டேன். "அன்னைக்கு ஏங்கக்கா பழிய ஒங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"ஒங்கப்பா எங்கிட்ட கோவிச்சா கடைக்கு வராம இருப்பாரு. ஒங்கிட்ட கோவிச்சா நீ எந்த வீட்டுக்குப் போவ?"

இந்தக் கதை வெளிவரும் பத்திரிகையை அப்பா வாராவாரம் வாங்குகிறார், ஒரு வரி விடாமல் வாசிக்கிறார். அப்பா, என்னைத் திட்டுவதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். முதலில் அக்கா கடைக்குப் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாங்க.