இரட்டிப்பு விதி

நட்சத்திரங்கள் மறுபடியும் ஓடிப்போயிருந்தன.

ஒன்றையொன்று சுற்றி, மெல்ல மெல்ல நெருங்கி, கடைசியில் மோதி ஒன்றாக வேண்டிய நியூட்ரான் நட்சத்திர ஜோடி அது. பொதுச் சார்பியல் சமன்பாடுகளை வைத்து அந்த ஜோடியைக் கணினிக்குள் சுற்றவிடுவதுதான் பேராசிரியையின் ஆராய்ச்சி. தொடக்க வேகம் இம்மி கூடினால் இரண்டும் விலகி ஓடும். இம்மி குறைந்தால் தலைகுப்புற விழும்.

இந்த ஆராய்ச்சியில் அவளுக்குக் கூட்டாளி அவள் கணவன். தப்பு யார் கணக்கில் என்று வீட்டில் ஆரம்பித்த சண்டையில் இருவருக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. பக்கத்தில் இருக்கும் உப்பைக்கூட மகள் வழியாகத்தான் கேட்டு வாங்கினார்கள்.

வெளியே சொல்லாமல் தானே சரிசெய்துவிட்டால் அவன் மனமும் நோகாது, ஆராய்ச்சியும் பிழைக்கும் என்று அவளுக்குப் பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்து, வேகத்தில் இவ்வளவு குறை என்று கணினிக்குக் கட்டளை கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் பார்த்தால், ஒரு சுற்றுகூட முடிக்காமல் இரண்டும் பொத்தென்று மோதிக் கிடந்தன.

சரி, கூட்டிப் பார்ப்போம் என்று கணக்குப் போட்டுக் கூட்டினாள். பழைய குருடி கதவைத் திறடி என்று நட்சத்திரங்கள் திரும்பவும் ஓட்டமெடுத்தன.

தலையில் கைவைத்து உட்கார்ந்தவள், எண்களைப் பார்க்கப் பார்க்க நிமிர்ந்தாள். ஒரு பங்கு குறைத்தால் இரண்டு பங்கு குறைந்திருந்தது. ஒரு பங்கு கூட்டினால் இரண்டு பங்கு கூடியிருந்தது. அதுவும் கடைசி இலக்கம்வரை பிசகாமல். வெறும் பிழை இத்தனை ஒழுங்காகவா வரும்? ஈர்ப்பு விசைக்குள்ளேயே இதுவரை யார் கண்ணிலும் படாத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஓட்டமும் நடையுமாகத் துறைத் தலைவரிடம் போனாள். அவர் முதலில் நம்பவில்லை. எண்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, துறை முழுவதையும் கூட்ட அரங்குக்கு வரச் சொன்னார்.

அவள் அரங்கில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். இதை வேறு யாராவது தனியாகச் சரிபார்த்தார்களா என்று தலைவர் கேட்டார். இல்லை என்று அவள் தலையாட்டினாள்.

கடைசி வரிசையிலிருந்து கணவன் எழுந்தான்.

"நான் பார்த்திருக்கேன் சார். இவகிட்ட சொல்லாம, தனியா. எனக்கும் ரெண்டு மடங்குதான் வருது. எங்கேயோ நான்தான் தப்புப் பண்றேன்னு நினைச்சு வெளியே சொல்லல."

அரங்கமே எழுந்து கைதட்டியது. ஒருவர் கண்டதை இன்னொருவர் தனியாகக் கண்டுவிட்டால் அப்புறம் அப்பீலே கிடையாது என்றார் தலைவர். அவள் ஓடிப்போய்க் கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தலைவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தார்.

கணினி அறையைப் பார்த்துக்கொள்பவர் வாசலோரம் நின்றிருந்தார். இதற்கு மேல் தாங்காது என்பதுபோல அவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"சார், ஒரு நிமிஷம். மேடம் கட்டளை கொடுத்துட்டு இந்தப் பக்கம் போனா, அவங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கமா வந்து அதே கட்டளையைக் கொடுப்பார். ரெண்டு பேருமே, அடுத்தவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க."