‘கையை ஆட்ட மாட்டேன்’ – நூறு முறை

அன்புள்ள சித்திக்கு,

முதலில் ஒரு கும்பிடு, அடுத்து ஒரு கெஞ்சல்: இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள், குறிப்பாக உங்கள் அக்காவிடம். இங்கு அனைவரும் நலம். மாடியில் நீங்களும் நலம் என்பது குறட்டையில் தெரிகிறது. விடியற்காலை முதல் பஸ்ஸுக்குக் கண்டக்டர் விசிலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கண்ணில் படட்டும் என்று இதை உங்கள் செருப்புக்குள் செருகி வைப்பேன்.

இன்று மத்தியானம் கணக்கு மிஸ் திடீர்ப் பரீட்சை என்றார், வகுப்பே ஒரே நேரத்தில் பெஞ்சை இழுத்தது, எனக்குள் பால் மாதிரிப் பொங்கியது, அடுப்பை அணைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கையை உதறுவது, உதறினேன், அடங்கத் தொடங்கியது, அதற்குள் மிஸ், "என்னடி, பறக்கப் போறியா?" என்றார். கேட்டால் பதில் சொல்ல வேண்டுமல்லவா? "இல்ல மிஸ், இறங்கிட்டிருக்கேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நூறு வரி இம்போசிஷன்: ‘இனிமேல் கையை ஆட்ட மாட்டேன்.’ அடியில் அப்பா கையெழுத்தோடு நாளைக் காலை நீட்ட வேண்டும்.

கையை ஆட்டாமல் அதை எப்படி எழுதுவது என்று மிஸ் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுத எழுத மனசு குளம் மாதிரி ஆகிவிட்டது. நூறில் நிறுத்த முடியாமல் நூற்று அறுபதுக்குப் போய்விட்டேன். மருந்தையே தண்டனையாகக் கொடுத்திருக்கிறார் பாவம்!

ஆனால் கையெழுத்து விழுந்தால் அது சத்தியம் ஆகிவிடும். எனக்குப் பொய்ச் சத்தியம் வராது. எனக்கு ஆட்டிசம், கையை உதறுவது நான் என்னைத் தேற்றிக்கொள்ளும் வழி, தடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த காகிதம் கூடத்துப் பீரோவில் புடவைக்கடியில் தூங்குகிறது. பள்ளிக்கூடத்தில் கொடுக்கலாமே என்றால் அம்மா, "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னடி ஆகும்?" என்கிறாள். எதிர்வீட்டில் மூன்று பேர்தான். நாலாவது ஆள் யாரென்று தெரிந்தால் நானே போய்ப் பேசிவிடுவேன். அப்பாவோ மேசையே நடுங்கக் காலை ஆட்டிக்கொண்டு, "கொஞ்சம் அடக்கிக்கம்மா" என்கிறார். கால் கணக்கில் வராதாம்!

ஆகவே நாளை முதல் நடை முடிந்ததும் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, படியில் தொங்குகிறவர்களை உள்ளே ஏற்றும் அந்தக் குரலில் மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

சித்தப்பாவுக்கு என் அன்பு. உங்கள் தொண்டை நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் மகள்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். நூற்று அறுபது வரியையும் கிழித்துவிட்டேன். சத்தமில்லாமல் பீரோவைத் திறந்து காகிதத்தை எடுத்து என் கணக்கு நோட்டுக்குள் வைத்துவிட்டேன். நானே கொடுப்பேன். கதவை யாரோ தட்டுகிறார்கள். "பீரோவ யாருடி தொறந்தது?" அம்மாதான். வலது கை எழுதுகிறது, இடது கை ஆடுகிறது. ஆடட்டும். காகிதம் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பித் தர மாட்டேன் என்று சொல்லப் போகிறேன்.