பாய்லர் சாரும் பித்தளைத் திமிங்கிலமும்

நீராவி எஞ்சினைப் பற்றி எங்கள் பாய்லர் சாருக்குத் தெரிந்த அளவு தூத்துக்குடியில் வேறு யாருக்கும் தெரியாது என்று துறைமுகச் சாலையில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பாதிக்கு உண்மை தெரியும். அவர் வாழ்நாளில் ஒரு பாய்லரைக்கூட நேரில் பார்த்ததில்லை. வீட்டில் குக்கர் விசில் அடித்தாலே மூன்றடி தள்ளி நிற்பவர்.

ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு எதிர் மேஜை அவருக்கு. கப்பலில் ஏறும் சரக்குக்கான பேப்பர்களைச் சரிபார்க்கும் வேலை. ஐம்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். அவர் பார்த்து அனுப்பிய பேப்பர் ஒரு புள்ளி தப்பென்று திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. மற்றவர்கள் பேப்பரில் ஒரு கமா விடுபட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குப் பாய்லர் என்று பெயர் வரக் காரணம், அவர் எழுதிய நாவல்.

நாவலின் பெயர் 'பித்தளைத் திமிங்கிலம்'. அதில் வரும் தூத்துக்குடிக்குப் பெட்ரோலும் வரவில்லை, கரண்டும் வரவில்லை. எல்லாமே நீராவியில் ஓடும். உப்பளத்தில் பல்சக்கரம் வைத்த இரும்பு மனிதர்கள் உப்பு வாருவார்கள். முத்துக் குளிக்கிறவர்கள் செம்புத் தொப்பி மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். வானத்தில் பித்தளைத் திமிங்கிலம் என்ற பறக்கும் கப்பல் பனங்கொட்டையை எரித்துப் புகைவிட்டுக்கொண்டு போகும். அதன் கேப்டன் மிக்கேலம்மாள் என்ற பெண். ஒரு கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பாள், யாருக்கும் அடங்கமாட்டாள். வில்லன், கடலடியில் கிடக்கும் முத்தையெல்லாம் ஒரே நாளில் அள்ளுவதற்காகப் பிரம்மாண்டமான பம்பு வைத்து மன்னார் வளைகுடாவையே இறைத்துக் காயப்போடத் திட்டமிடும் ஒரு துரை. வாசகர்கள் அவனுக்கு 'வத்தல் துரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வாசகர்கள் என்றால் நாங்கள்தான். வாரம் ஓர் அத்தியாயம், பழைய பேக்கிங் லிஸ்டுகளின் வெற்றுப்பக்கத்தில், பென்சிலில். ஒரு பக்கம் மிக்கேலம்மாள் வாளை உருவியிருப்பாள். மறுபக்கம் திருப்பினால் காய்ந்த மிளகாய் இத்தனை மூட்டை என்று இருக்கும். திங்கட்கிழமை காலை அது ஆபீசில் ஆரம்பித்து, டிரைவர்கள் கைக்குப் போய், கடைசியில் வாசலில் டீக்கடை வைத்திருந்த சகாயமேரி அக்காவிடம் போய்ச் சேரும். அக்கா படித்துவிட்டு அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைப்பார். எங்கள் நூலகம் அதுதான்.

எதையும் சோதித்துப் பார்க்காமல் எழுதமாட்டேன் என்பது சாரின் கொள்கை. ஆவிக்கு ஒரு சக்கரத்தைச் சுற்றும் பலம் உண்டா என்று பார்க்க, ஆபீஸ் மின்கெட்டிலின் மூக்குக்கு நேரே தகரத்தில் வெட்டிய காற்றாடி ஒன்றைக் கட்டினார். சக்கரம் சுற்றியது. கூடவே ஃபியூஸும் போயிற்று. அரை நாள் பிரிண்டர் ஓடவில்லை. மேனேஜர் கத்திக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் முகம் மலர்ந்து, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாள், மூச்சடக்கும் காட்சிக்காக வாசலிலிருந்த தண்ணீர் டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டார். வாட்ச்மேன் அலறியடித்து ஓடிவந்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, மடியில் கிடத்தி, வயிற்றை அமுக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணைத் திறந்த பாய்லர் சார் கேட்டது இவ்வளவுதான்: "பதினெட்டு எண்ணியிருந்தேன். எதுக்கு எடுத்தீரு?"

நாங்கள் ஏன் அந்த நாவலுக்காகத் திங்கட்கிழமையை எதிர்பார்த்துக் கிடந்தோம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். டிரைவர்களுக்கு அந்த மெஷின்கள் பிடித்திருந்தன. செல்போன் கெட்டால் தூக்கித்தான் போட வேண்டும், இதில் எதுவாக இருந்தாலும் ஒரு ஸ்பேனர் இருந்தால் கழற்றி மாட்டிவிடலாம் என்றார்கள். எனக்கு, நான் தினமும் பஸ்ஸில் கடக்கும் இடங்களின் மேலே அந்தக் கப்பல் பறப்பது பிடித்தது. திருச்செந்தூர் ரோட்டில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது, தலைக்கு மேலே திமிங்கிலத்தின் நிழல் போவதாக நினைத்துக்கொண்டால் எரிச்சல் குறையும். மேனேஜர் படிப்பதில்லை என்றுதான் சொல்லிக்கொண்டார். ஆனால் கடல் வற்றிவிட்டால் நம் ஆபீஸ் கதி என்ன என்று ஒரு நாள் அவர்தான் கவலையோடு விசாரித்தார்.

சகாயமேரி அக்காவுக்கு மிக்கேலம்மாள் என்றால் உயிர். கடற்கரைக் குடும்பத்துப் பெண், அண்ணன் தம்பிகள் நாலு பேரும் கடலுக்குப் போகிறவர்கள், இவரை மட்டும் யாரும் ஒரு நாளும் வள்ளத்தில் ஏற்றியதில்லை. ஒரு பெண் சுக்கான் பிடிப்பதைப் படிக்கும்போது அடுப்பில் பால் பொங்குவதுகூட அவருக்குத் தெரியாது. அவருக்கு ஒரே ஒரு குறை. மூன்று அத்தியாயமாக அந்தப் பிள்ளை ஒரு வாய் சாப்பிடவில்லை என்றார். அடுத்த வாரமே கப்பலில் புரோட்டாவை அடித்து அடுக்கும் நீராவி மெஷின் ஒன்று வந்துவிட்டது. கப்பலில் வேலை பார்த்த அத்தனை பேரும் சால்னாவோடு வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

என் அப்பா ஓர் ஆலையில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவர். உண்மையான பாய்லர் மனிதர். ஓய்வுபெற்ற பிறகும் முத்தையாபுரத்தில் எங்கள் தெருவில் எந்த மோட்டார் சத்தம் மாறினாலும் எழுந்துபோய்ப் பார்ப்பார். அந்த மனிதருக்கு வலது கை விழுந்து பேச்சும் போயிற்று. பயிற்சி செய்தால் பேச்சு திரும்பும் என்று டாக்டர் சொன்னார். பயிற்சி கொடுக்க வந்த பெண் 'அம்மா, ஆடு, இலை' என்று சொல்லச் சொன்னாள். அப்பா அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு மாதம் அப்படியே கிடந்தார். ஊட்டினால் சாப்பிடுவார். எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். அவர் தூங்குகிறாரா அழுகிறாரா என்று முதுகைப் பார்த்து நானும் என் மனைவியும் ஊகித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை மதியம், புது அத்தியாயத்தை முன்கூட்டியே வாங்கி வந்திருந்தேன். வீட்டின் அமைதி தாங்காமல் அதைச் சத்தமாகப் படித்தேன். அப்பாவுக்காகப் படித்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு ஒரு குரல் தேவைப்பட்டது, அவ்வளவுதான். வத்தல் துரையின் ஆட்கள் துரத்துகிறார்கள், திமிங்கிலத்தின் பாய்லரில் தண்ணீர் தீர்ந்துபோகிறது, மிக்கேலம்மாள் கப்பலைத் தாழ இறக்கிக் கடல் தண்ணீரை உறிஞ்சி பாய்லரை நிரப்புகிறாள். அந்த இடத்தில் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"உப்பு."

என் மனைவி அடுப்படியிலிருந்து உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மதியக் கஞ்சியில் உப்புக் குறைந்துவிட்டதென்று நினைத்து வந்தவள், மாமா பேசிவிட்டாரே என்று அழுகிறாள், சிரிக்கிறாள். அப்பா முகம் கோபத்தில் சிவந்தது. இடது கையால் ஜாடியைத் தள்ளிவிட்டு, என் கையிலிருந்த தாளைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்து எடுத்தார்.

"கடத் தண்ணி... ஊத்துனா... உப்பு படியும். வெடிச்சிரும். எவம்ல... எழுதுனது?"

இரண்டு மாதத்துக்குப் பிறகு அப்பா பேசிய முதல் வாக்கியம். அதுவும் திட்டு.

திங்கட்கிழமை இதைப் பாய்லர் சாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். இத்தனை பேர் பாராட்டிய கதையைப் படுக்கையில் கிடக்கும் ஒருவர் திட்டினார் என்று எப்படிச் சொல்வது? அவரோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வேறு என்ன தப்பு இருக்கிறதாம் என்று கேட்டார். தன் மேஜைக்கு வரும் தப்பையெல்லாம் வாழ்க்கை முழுக்கத் திருத்திக்கொண்டிருந்தவருக்கு, தன்னைத் திருத்த ஒருத்தர் கிடைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஒரு பொட்டலம் மக்ரூன் இனிப்பும் நாவலின் அத்தனை தாள்களுமாக முத்தையாபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

அன்று தொடங்கி ஞாயிறு தவறாமல் வந்தார். பாய்லர் சார் படிப்பார், அப்பா நிறுத்துவார். பாய்லரில் தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் எங்கே என்று ஒரு வாரம். அதைச் சொல்லி முடிக்க அப்பாவுக்குக் கால் மணி நேரம் ஆகும். சார் பென்சிலைப் பிடித்தபடி காத்திருப்பார். ஒரு சொல்லைக்கூட எடுத்துக்கொடுக்கமாட்டார். நாங்கள் வீட்டு மனிதர்கள் அவசரப்பட்டு அப்பாவின் வாக்கியத்தை முடித்துவைப்போம், அவருக்கு ஆத்திரம் வரும். சாருக்கு நிஜமாகவே அடுத்த சொல் தெரியாது. அதனால் அவரால் காத்திருக்க முடிந்தது. வேகமாகப் போவதற்காக மிக்கேலம்மாள், ஆவி மிஞ்சினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வைக் கட்டிவைத்த வாரம் அப்பா ஒரே மூச்சில் பேசினார்: "அந்தப் பொம்பளையை மொதல்ல வேலைய விட்டு நிறுத்துங்க."

ஒரு கட்டத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. அப்பாவைப் பேசவைக்க வேண்டுமென்றே தப்பு வைத்து எழுதுகிறாரோ? ஆபீசில் நெகிழ்ந்துபோய்க் கேட்டேன். மனிதருக்கு முகமே சுருங்கிவிட்டது. வேணும்னே எவனாவது தப்பா எழுதுவானா தம்பி என்று கேட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பாவம், தெரியாமல்தான் எழுதியிருக்கிறார்.

நாவல் முடிவுக்கு வந்தபோது பிரச்சினை வெடித்தது. திமிங்கிலத்தில் எஞ்சின் சூசை என்று ஒரு கிழவர் உண்டு. பாய்லரை விட்டு நகராத முன்கோபக்காரர். அப்பாவைச் சந்தித்த பிறகு அந்தச் சூசைக்கு மெல்ல மெல்ல அப்பாவின் குணம் வந்துவிட்டது. இருமல்கூட அப்படியே. கடைசி அத்தியாயத்தில் துரையின் பம்பைத் தகர்க்க வேண்டும், திமிங்கிலம் அதன் மேலேயே போய் விழ வேண்டும். கடைசி நொடிவரை யாராவது பாய்லரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சூசை சாகிறார் என்று பாய்லர் சார் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

சகாயமேரி அக்கா அவருக்கு டீ கொடுப்பதை நிறுத்தினார். டிரைவர்கள் முகம் கொடுக்கவில்லை. கதை படிப்பதில்லை என்ற மேனேஜர் கேபினுக்குக் கூப்பிட்டு, வேறு வழி இல்லையா என்று கேட்டார். நானும் கெஞ்சினேன். வீட்டில் ஒரு மனுஷர் இப்போதுதான் எழுந்து உட்கார்கிறார், அவர் காதில் இதைப் படிக்க வேண்டுமா என்றேன். சாரும் மூன்று நாளாகச் சாப்பிடாதவர் மாதிரிதான் இருந்தார். எஞ்சினை விட்டு ஓடுகிற ஆளாகச் சூசையைக் காட்டினால் உங்கப்பா என்னை மன்னிக்கமாட்டார் தம்பி என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி அத்தியாயத்தைப் படித்தார். சூசை மற்ற எல்லோரையும் இறங்கச் சொல்கிறார். கதவு மூடுகிறது. ஆவி சூழ்கிறது. படித்து முடித்ததும் பாய்லர் சார் தாளை மடியில் வைத்துக் குனிந்துகொண்டார். என் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அப்பா அந்தப் பாய்லர் ரூமைப் படமாகப் போட்டுக் காட்டச் சொன்னார். சார் போட்டார். அப்பா உற்றுப் பார்த்தார்.

"எத்தன வாசல்?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி."

"பாய்லர் ரூமுக்கு ரெண்டு வாசல் வேணும் தம்பி. இல்லன்னா இன்ஸ்பெக்டர் சீல் வச்சிருவாரு." சிறிது மூச்சு வாங்கினார். "சூசைக்கு இது தெரியாம இருக்குமா? முப்பது வருசம் பாத்தவன். கடசி வரைக்கும் நிப்பான். பெறவு அந்தப் பக்கம் வழியா வெளிய வந்திருவான்."

சொல்லிவிட்டு, இடது கையில் பென்சிலை வாங்கி, படத்தில் பின்சுவரில் ஒரு கோணல் கட்டம் போட்டார். அதுதான் கதவு. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் கையால் போட்ட முதல் கோடு. பாய்லர் சார் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். மறுநாள் திருத்திய தாளில், சூசை கருகிய மீசையோடு உயிரோடு டீக்கடைக்கு வந்து சேர்ந்தார். சகாயமேரி அக்கா அன்று சாருக்கு இரண்டு டீ கொடுத்தார்.

'பித்தளைத் திமிங்கிலம்' போன வருஷம் ஊரிலேயே ஒரு சின்ன அச்சகத்தில் புத்தகமாக வந்தது. சார் ஓய்வுபெற்று ஆழ்வார்திருநகரியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா கோல் ஊன்றித் தெருமுனைவரை நடக்கிறார், வழியில் எல்லோரையும் திட்டுகிறார். கேட்கக் கேட்க எங்களுக்கு இனிக்கிறது.

போன மாதம் சாரைப் பார்க்கப் போயிருந்தேன். நன்றி சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் எதிரே உட்கார்ந்ததும் அந்தச் சொல் சின்னதாகத் தெரிந்தது. சொன்னால் மனிதர் கூச்சத்தில் எழுந்து உள்ளே போய்விடவும் கூடும். ஆகவே பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, ஓர் இடத்தைக் காட்டினேன். கப்பல் திருச்செந்தூர்ப் பக்கமிருந்து வடக்கே வருகிறது, கடல் இடப்பக்கம் தெரிகிறது என்று போட்டிருக்கிறீர்களே, வலப்பக்கம் அல்லவா தெரிய வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்த அழகை இங்கே எழுத எனக்குத் திறமை போதாது. பென்சிலை எடுத்துத் திருத்திவிட்டு, மகளைக் கூப்பிட்டு எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

அந்த ஒரு தப்பைத் தேடிப் பிடிக்க, நான் புத்தகம் முழுவதையும் மூன்று முறை படித்திருந்தேன்.