கஜானாவைத் தட்டிப் பார்த்தவர்

தட்டிப் பார்ப்பவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. தேங்காயைத் தட்டுவார், பானையைத் தட்டுவார், பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி டம்ளரைத் தட்டுவார். தட்டிய கையோடு தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தைக்கு அப்பீல் கிடையாது. இவரை இந்த வேலையில் யார் வைத்தார்கள்? யாரும் வைக்கவில்லை. ஆகவே நீக்கவும் ஆள் இல்லை.

இவர்களில் உச்சம், ரூபாயைத் தட்டிப் பார்ப்பவர். யுத்தம் வந்த வருஷங்களில் மதுரைச் சிம்மக்கல்லில் சாயப்பொடிக் கடை வைத்திருந்த ஹரிநாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளநாணயம் அடிப்பவர்கள் பெருகியிருந்த காலம். கடைவாசலில் ஒரு கருங்கல் போட்டிருந்தார். யாருக்கு எந்தக் காசில் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் வரவேண்டும். கல்லில் சுண்டுவார். “கேளும், கோவில் மணி மாதிரி” என்றால் நல்ல காசு. “ஓட்டுச் சத்தம்” என்றால் கள்ளக்காசு. சாயப்பொடி வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். வியாபாரம் படுத்தது, கீர்த்தி எழுந்தது.

அந்த ஐப்பசியில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து நல்லகாமன் என்ற விவசாயி, சந்தையில் காளையை விற்ற பணத்தோடு பருத்தி விதை வாங்க எதிர்க்கடைக்கு வந்தார். அவர் கொடுத்த நாற்பது ரூபாயில் ஏழு புத்தம்புதிதாக மின்னின. மின்னியதே குற்றம். கடைக்காரர் ஹரிநாராயணனைக் கூப்பிட்டார். அவர் ஏழு காசையும் சுண்டினார்.

“ஓட்டுச் சத்தம். ஏழும் கள்ளக்காசு.”

“அய்யா, மாட்டை வித்த காசுங்க. எனக்கு வேற என்னா தெரியும்? விதையைக் குடுங்க, மழை வரப்போகுது” என்றார் நல்லகாமன்.

“எல்லாரும் இப்படித்தான்யா சொல்லுவாங்க” என்றார் ஹரிநாராயணன், நாணயத்தைப் பார்த்தபடியே.

கூட்டம் சேர்ந்தது. போலீஸ் வந்தது. சிம்மக்கல்லே சான்று சொல்லும்போது இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்? நல்லகாமனைப் பதினோரு நாள் உள்ளே வைத்தார்கள். அந்தப் பதினோரு நாளில் உசிலம்பட்டியில் இரண்டு மழை பெய்தது.

வழக்கு வந்த அன்று ஹரிநாராயணன் சரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, கருங்கல்லை ஒரு கூலியாள் தலையில் ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். கூண்டில் ஏறினார். ஏழு காசையும் சுண்டினார். ஏழும் கள்ளக்காசு.

நல்லகாமனுக்காக வந்திருந்த வக்கீல் மிகவும் சிறு வயசு. அன்றைக்கு அவருக்கு வேறு வழக்கு இல்லை. போன மாதமும் இல்லை. அவர் எழுந்து மாஜிஸ்திரேட்டைக் கும்பிட்டார்.

“கனம் கோர்ட்டாரிடம் புது ரூபாய் ஒன்று இருந்தால், இவர் அதையும் சோதிக்கட்டும்.”

மாஜிஸ்திரேட் சிரித்துக்கொண்டே பையில் கை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஹரிநாராயணன் சுண்டினார். தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார்.

“எசமான், இதுவும் கள்ளக்காசுதான்.”

“என்ன ஐயா! இது என் சம்பளப் பணம். காலையில்தான் கஜானாவிலிருந்து வாங்கி வந்தேன்.”

வேறொருவராக இருந்தால் இங்கே இறங்கி ஓடியிருப்பார். தட்டிப் பார்ப்பவர் இறங்கமாட்டார்.

“அப்படின்னா எசமான், கஜானாவிலேயே அடிக்கிறாங்க.”

கோர்ட்டில் விசிறி இழுப்பவன்கூடக் கயிற்றை விட்டுவிட்டான். வக்கீல் மடித்து வைத்திருந்த சர்க்கார் அறிவிப்பைப் பிரித்து வாசித்தார்: இனி அடிக்கும் ரூபாயில் வெள்ளி பாதிதான், மீதி வேறு உலோகம். அதனால்தான் சத்தம் மாறியிருக்கிறது. ஏழும் சர்க்கார் அடித்தவையே.

“நான் சொன்னது சரியாப் போச்சுல்ல?” என்றார் ஹரிநாராயணன், முகம் மலர்ந்து. “வெள்ளின்னு சொல்லிப் பாதிக்குப் பாதி வேற எதையோ கலந்தா அதுக்கு என்ன பேரு? நல்லகாமன் கலந்தா ஜெயிலு. ராஜா கலந்தா…”

“நிறுத்தும்!” என்று மேஜையைத் தட்டினார் மாஜிஸ்திரேட். குமாஸ்தாவைப் பார்த்து, “இவர் சொன்னதில் ஒரு எழுத்தையும் எழுத வேண்டாம். எதிரி நல்லகாமன் விடுதலை. காசைத் திருப்பிக் கொடு. சாட்சியையும் கல்லையும் வெளியே அனுப்பு” என்றார்.

அன்று ஒருவர்தான் முழு உண்மை சொன்னார். அவரைத்தான் வெளியே தள்ளினார்கள். ஆனால் அவர்மேல் பரிதாபப்பட அவசரப்பட வேண்டாம்.

கோர்ட்டு வாசலில் நல்லகாமனின் மனைவி சின்னத்தாய் நின்றிருந்தாள். புருஷன் கேட்ட முதல் கேள்வி, “மழை பேஞ்சுச்சாமே? காடு?”

“விதைச்சாச்சு. வெட்டியா நிக்க முடியுமா? தண்டட்டியை வித்து விதை வாங்கினேன். எங்கண்ணன் அவரு மாட்டோட வந்து ஏரு பிடிச்சாரு.”

நல்லகாமன் அவள் காதைப் பார்த்தார். நீண்டு தொங்கிய வெறும் காது. பதினோரு நாளும் அழாதவர் அங்கே அழுதார்.

அதே நேரத்தில் ஹரிநாராயணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று எல்லோரும் வழி விட்டார்கள்.

“நல்லகாமா, அந்த ஏழு ரூபாயைச் செலவழிச்சிராதப்பா. எனக்குக் குடு, பழைய ரூபாயாத் தாரேன். கடையில வச்சு நாலு பேருக்குச் சத்தத்தைக் காட்டணும்.”

நல்லகாமன் வாயைத் திறக்குமுன் சின்னத்தாய் சொன்னாள்: “ஏழுக்கு ஏழு வேணாம் சாமி. தண்டட்டியைத் தாங்க, தாரோம்.”

“எந்தத் தண்டட்டி?” என்றார் அவர். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அவள் எதிரே நின்றும் அவர் கண் நல்லகாமன் காசை முடிந்து வைத்திருந்த வேட்டி முடிச்சில்தான் இருந்தது.

புருஷனும் மனைவியும் உசிலம்பட்டி ரோட்டில் நடந்தார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று. போன வாரம் யாரோ நீட்டிய ஐந்து ரூபாய் நோட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தீர்களே! அந்த நோட்டின் ஓரத்தில் இருந்த கிழிசல்கூட உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீட்டியவர் ஆணா, பெண்ணா?