விற்காத தண்ணீருக்குப் பேரம்

பேரம் பேசுகிறவர்களில் ஓர் அபூர்வ ரகம் உண்டு. கத்தரிக்காய்க்குப் பேசுவது எல்லாருக்கும் வரும்; இவர் கேள்விக்கே விலை குறைப்பவர். உங்களுக்கு இவரைத் தெரியும்.

வலையபட்டியில் இவர் பெயர் தண்டாயுதபாணி. ஊர்த் தண்ணீரில் தரையைத் துடைத்தால் உப்புப் பூக்கும், குழாய் வாய் அடைத்துக்கொள்ளும், சோற்றுக்கும் காபிக்கும் கேன் தண்ணீர்தான் வாங்குவார், ஆனால் கேன்காரரிடம் மட்டும் பேரம் பேச மாட்டார். பேசினால் அந்த ஆள் கேனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

கணக்கெடுக்க வந்த யூஜினியா தேவகோட்டைக்காரி, குடிநீர்ப் பொறியாளர், அப்பாவை அடக்கம் செய்துவிட்டுப் போன வாரம்தான் வேலைக்குத் திரும்பியவள். தெருவார் போதுமான தொகை தரச் சம்மதித்தால் சுத்திகரிப்பு நிலையம் வரும். இல்லையென்றால் வேறு ஊருக்குப் போகும். முதலில் ஒரு தொகையைக் கேட்க வேண்டும். மறுத்தால் பாதியாக்கிக் கேட்க வேண்டும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் செட்டிநாட்டுக்கு வந்ததில்லை.

"உப்பில்லாத தண்ணி குழாயிலேயே வந்தா மாசம் முந்நூறு தருவீகளா, ஐயா?"

"முந்நூறா! பன்னீரா விடப் போறீக?"

"நூத்தம்பது?"

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீகளா, இறங்குது. இன்னும் இறங்குங்க."

"ஐயா, இது விலையில்ல. கேள்விதான்."

"கேள்விக்கு எதுக்கு இம்புட்டு ரூபா? பக்கத்து வீட்டு வீரையா எம்புட்டுச் சொன்னாரு? அதுல பத்தைக் கொறைச்சுப் போடுங்க."

என்ன செய்வாள்? விளக்கினாள். வியாபாரி கெஞ்சத் தொடங்கிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

யூஜினியா பேனாவை மூடினாள். கணக்கெடுப்பவர் சொல்லக் கூடாததைச் சொன்னாள்.

"எங்க ஊருல இதே கேள்வி கேட்டு வந்தப்ப எங்கப்பாவும் இப்படித்தான் பேசுனாக. தெருவையே பேச வச்சு இருபது ரூபாய்க்குக் கொண்டாந்தாக. நிலையம் வேற ஊருக்குப் போயிருச்சு. அப்பறம் கிட்னியில கல்லு மேல கல்லு. போன மாசம் தவறிட்டாக."

தண்டாயுதபாணி தலையைக் குனிந்துகொண்டார். மெய்யாகவே வருந்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"முந்நூறை இருபதுக்கா? கெட்டிக்காரருதான்."

யூஜினியாவுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது. அப்பா காதில் விழுந்திருந்தால் பூரித்துப் போயிருப்பார்.

உள்ளேயிருந்து தண்டாயுதபாணியின் மனைவி சீதை ஆச்சி வந்தார். "முந்நூறுன்னே போடு ஆத்தா. இவுக பேசிக்கிட்டே கெடப்பாக."

"இருநூத்தி எம்பது," என்றார் தண்டாயுதபாணி.

எழுதிக்கொண்டாள்.

இருநூற்றைம்பதில் முடித்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? வீட்டிலேயே இருங்கள். உங்கள் தெருவுக்கும் அவள் வர வேண்டியிருக்கிறது.