தகடு வாங்கிய சமையலறை

எங்கள் சமையலறையை 1911-க்கே திருப்பி அனுப்புவது என்று நான் முடிவு கட்டினேன். பாசடீனா நகரில் அந்தக் காலத்து மரவீடு வைத்திருப்பவனுக்கு இந்தக் கிறுக்கு என்றாவது பிடித்தே தீரும். பாரம்பரிய வீட்டுச் சங்கம் வாசலில் பதிக்கும் வெண்கலத் தகடு ஒன்றுக்காகத் தூக்கம் மறந்து அலைந்தேன்.

சங்கத்தின் விதி சுலபம். பழைய புகைப்படத்தில் இருப்பது இருக்க வேண்டும், இல்லாதது போக வேண்டும். எனவே முதலில் போனது டிஷ்வாஷர்.

என் மனைவி லோர்னா சண்டைக்கு வருவாள் என்று பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவளோ, "போகட்டும் ஹார்லன். படத்துல இருக்கறபடியே செய்வோம், இம்மி பிசகக் கூடாது" என்றாள். தச்சரைக்கூடத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓக் அலமாரிகள் வந்தன. அதுவரை எதிர்வீட்டின் பழைய படத்தை வைத்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். லோர்னா நூலகத்தில் துழாவி எங்கள் வீட்டுப் படத்தையே கொண்டுவந்தாள். எங்கள் சமையலறையின் அதே கழுவுதொட்டி. அதன் முன்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு மீசைக்காரர் ஒருவர் தட்டு கழுவுகிறார். பின்னால் ஒரு பெண்மணி கால்மேல் கால் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"வேலைக்காரனா இருக்கும்" என்றேன்.

"பின்னாடி எழுதியிருக்கு பாரு. வீட்டுக்காரர் விட்லாக், ஞாயித்துக்கிழமை."

"ஞாயிறு மட்டும்தானே?"

"மத்த ஆறு நாளுக்கு நம்மகிட்ட படம் இல்லையே. ஆதாரம் இல்லாம எதையும் மாத்தக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

நான்தான். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். கைகூடத் தட்டினார்கள்.

நாலு மாதம் கழுவினேன். அவள் தங்கை குடும்பம் வந்தால் வான்கோழி வறுத்த தட்டமும் சேர்ந்துகொள்ளும். விரல்கள் ஊறிச் சுருங்கி உலர்ந்த திராட்சையாகிவிட்டன. தகடு பதித்த அன்றே சரணடைந்தேன்.

"தகட்டைப் பிடுங்கிட்டுப் போகட்டும் லோர்னா. ஒரு டிஷ்வாஷர் வாங்கிடலாம்."

"எதுக்கு வாங்கணும்?"

எழுந்து வந்தாள். குழாய்கள் இருப்பதாகச் சொல்லிப் பூட்டி வைத்திருந்த ஓக் கதவைத் திறந்தாள். உள்ளே எங்கள் பழைய டிஷ்வாஷர். அலமாரிகள் வந்த வாரமே தச்சரை வைத்து ஒளித்துவிட்டாளாம். கதவு மூடியிருந்தால் சங்கத்துக்கும் ஆட்சேபணை இல்லையாம்.

"ஏன் சொல்லல?"

"படத்துல இருக்கறவர் மாதிரியே இருந்தே. கலைக்க மனசு வரல."

ரோஷத்தோடு ஈரத் தட்டை உள்ளே வைக்கப் போனேன். இடமில்லை. நாலு மாதத்தில் அவள் படித்து முடித்த நாவல்கள் அடுக்கியிருந்தன.