இடது ஓரத்துப் பச்சை

கதாநாயகியின் முகம் பச்சையாக இல்லை. காலை ஒன்பது மணியிலிருந்து அதுதான் பிரச்சினை.

விமர்சகர் படத்தை நிறுத்தினார், பின்னுக்கு ஓட்டினார், மறுபடி ஓட விட்டார். இருண்ட மாடிப்படியில் கதாநாயகி மெழுகுவர்த்தியோடு ஏறி வந்தாள். மனித முகம் எப்படி இருக்குமோ அப்படியேதான் அவள் முகமும் இருந்தது.

"இன்னுமா அந்தப் பொம்பள படியேறிக்கிட்டு இருக்கா?" என்றாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த மனைவி.

"முகம் பச்சையா இல்ல."

"நல்லதுதானே. உடம்பு தேவலையாயிருக்கும்."

இவளிடம் கலையைப் பற்றிப் பேசி முப்பத்தோரு வருஷம் ஆகிவிட்டது. புதிதாக மனம் நொந்துகொள்ள அவருக்கு இப்போது தெம்பும் இல்லை.

அது சாதாரணப் படம் இல்லை. ஒரு தபால்காரர் விலாசம் விசாரிக்க ஒரு வீட்டுக்குள் நுழைவார். வெளியே போகலாம் என்று கதவைத் திறந்தால், அதே வீட்டின் இன்னொரு அறை. எந்தக் கதவைத் திறந்தாலும் இதே கதி. நடுவில் ஒரு கொலை நடக்கும். செத்தவர் அடுத்த அறையில் உட்கார்ந்து நிதானமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். படம் வந்த புதிதில் ஜனங்கள் டிக்கெட் கொடுத்தவனைத் தேடிப் போனார்கள்.

அப்போது இருபத்திரண்டு வயதாயிருந்த விமர்சகர்தான் ஒரு கட்டுரை எழுதினார். இருட்டுக் காட்சி வரும்போதெல்லாம் ஒரு பச்சை மெல்லக் கசிந்து முகங்களின் மேல் படர்கிறது, அந்தப் பச்சைதான் மரணம், அந்த வீட்டை விட்டு யாரும் தப்ப முடியாததற்கு அதுவே காரணம் என்று எட்டுப் பக்கத்துக்கு நிறுவினார். 'எங்கள் ஊரில் பச்சை தெரியவில்லையே' என்று கடிதம் போட்டவர்களுக்கு, 'பிரதி சரியில்லை, கண்ணும் பழக வேண்டும்' என்று பதில் போட்டார். இரண்டாவது கடிதத்தில் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. படம் காவியமானது. அந்தப் பத்தாண்டில் வந்த மர்மப் படங்கள் அத்தனையிலும் அதே பச்சை ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து அவர் ஒரு புத்தகமும் போட்டார். 'பச்சை சார்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் செய்த வேறு எதையும் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை; அவரே வைத்திருக்கவில்லை.

இப்போது ஒரு நிறுவனம் மூல நெகட்டிவைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, வீட்டில் போட்டுப் பார்க்கிற டிஸ்க்காகக் கொண்டு வருகிறது. மாதிரி டிஸ்க் அவர் கையில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குள் அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சரியென்றால் அவர் எழுதும் ஒரு வரி உறையின் பின்பக்கம் அச்சாகும்.

பச்சை இல்லாமல் இந்த டிஸ்க் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தார். ஊர் பூராவும் பார்க்கும். கட்டுரை பொய், புத்தகம் பொய். இல்லாத பச்சையை வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஆள் என்று சிரிப்பார்கள். அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"டிவியிலதான் கோளாறு" என்று தீர்மானித்து ரிமோட்டை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் கதாநாயகி கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தாள். சரிசெய்யப் போன இடத்தில் டிவியின் எழுத்தெல்லாம் ஏதோ அன்னிய பாஷைக்கு மாறிவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது மரியாதையாக ஏதோ கேள்வி கேட்டது. அவரும் மரியாதையாக 'ஆம்' என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் சத்தமும் போய்விட்டது.

மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அறுபதை நெருங்கும் மனிதர், பேச்சு குறைவு. இரண்டு நிமிஷத்தில் எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவந்துவிட்டு எழுந்தார்.

"டிவியில ஒரு குறையும் இல்ல சார். பாருங்க, மூஞ்சி மூஞ்சி நிறத்துல இருக்கு."

"அதாங்க குறை. பச்சையாக்கிக் குடுங்க."

மெக்கானிக் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். மூஞ்சி பச்சையாகிவிட்டது என்று கூப்பிட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் வந்தவர். பச்சையாக்கச் சொல்லிக் கூப்பிட்டவரை இன்றுதான் பார்க்கிறார். ஆனாலும் ரிமோட்டை எடுத்துப் பச்சையைக் கூட்டினார்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

படி பச்சை, சுவர் பச்சை, மெழுகுவர்த்தி பச்சை. கதாநாயகி குளத்திலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி இருந்தாள். விமர்சகர் உதட்டைப் பிதுக்கினார். "இது வேற பச்சை. இவ்வளவு அப்பட்டமா இருக்காது" என்று முணுமுணுத்தார். மெக்கானிக் இதற்கு மேல் தனக்குத் தெரியாது என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிவியை அப்படியே விட்டுவிட்டு விமர்சகர் நிறுவனத்துக்குப் போன் போட உள்ளே போனார். அது அடுத்த தப்பு. பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியூரில் இருக்கும் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். மனைவி அதை டிவியில் போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம்.

"ஐயோ! என்னங்க! இங்க வாங்களேன்!"

விமர்சகர் ஓடி வந்தார். டிவியில் மகள் பச்சையாக உட்கார்ந்திருந்தாள். மடியில் பேரன் பச்சையாகப் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். பிஸ்கட்டும் பச்சைதான்.

"என்னடி இது கோலம்? சாப்பிடறியா இல்லையா?"

"நல்லாத்தானேம்மா இருக்கேன்."

"நல்லா இருக்கறவ மூஞ்சியாடி இது? மாப்பிள்ளையக் கூப்பிடு."

மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார். இயல்பிலேயே வெளுப்பான மனிதர். அதனால் மற்றவர்களை விட நன்றாகவே பச்சை பிடித்திருந்தது. மனைவி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். குடும்பமே மஞ்சள்காமாலை முற்றிப்போய்க் கிடக்கிறது, இந்த நிமிஷமே டாக்டரிடம் போகாவிட்டால் நான் வண்டி ஏறி வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வண்டி ஏறி வருவாள் என்று கேட்டதும் மாப்பிள்ளை எல்லாரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பிவிட்டார்.

டிவிதான் காரணம் என்று விமர்சகர் ஒருவழியாக ஒப்புக்கொண்டபோது, அங்கே மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்து முடித்திருந்தார்கள்.

"பச்சப் புள்ளைக்கு ஊசி குத்திட்டாங்களாம். திருப்தியா உங்களுக்கு?" என்றாள் மனைவி. அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை. நேரே போனை எடுத்து மெக்கானிக்கை மறுபடி வரச் சொன்னாள்.

மெக்கானிக் வருவதற்கும், நிறுவனம் அனுப்பிய சீரமைப்புக்காரப் பெண் வருவதற்கும் சரியாக இருந்தது. படத்தைச் சுத்தம் செய்தவள் அவள்தான். முப்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். பதினான்கு மாதமாக ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஃப்ரேமிலும் இருந்த கீறலையும் பூஞ்சையையும் ஒவ்வொன்றாக அழித்தவள். மடிக்கணினியை டிவியோடு இணைக்க வேண்டும் என்றாள்.

"அப்ப நிறத்தை மட்டும் பழையபடி வச்சுடறேன். மத்ததெல்லாம் நீங்க முடிச்சப்புறம் ஒருதரம் பாத்துடறேன்" என்றார் மெக்கானிக். அவர் சும்மா இருப்பதைப் பார்க்க மனைவிக்குப் பொறுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி, அழைப்பு மணி, மூன்று மாதமாகச் சுற்றாத ஃபேன் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து பின்கட்டில் அவர் முன்னால் குவித்தாள்.

கூடத்தில் சீரமைப்புக்காரப் பெண் பொறுமையாகச் சொன்னாள். "சார், நெகட்டிவ்ல பச்சை இல்ல. ஒரு ஃப்ரேம்லகூட இல்ல."

"மங்கிப் போயிருக்கும்மா."

"மங்கினா சிவப்படிச்சுத்தான் போகும். பச்சை வராதுங்கறது மட்டுமில்ல, இருந்த தடயமே இல்ல."

"நான் இந்தப் படத்தைப் பதினொரு தடவை பாத்திருக்கேன். ரயிலடித் தியேட்டர்ல. பதினொரு தடவையும் ஒரே சீட்டு. முதல் வரிசை, இடது கோடி. படம் முடிஞ்ச கையோட ஓடினாத்தான் கடைசி பஸ் கிடைக்கும்."

"அந்தத் தியேட்டர்ல ஓடின பிரதி எங்கயாவது இருக்குமா சார்?"

"தியேட்டரே இல்ல. துணிக்கடை கட்டிட்டாங்க."

அவள் வெளியே போய் முதலாளியிடம் போனில் பேசினாள். திரும்பி வந்தபோது முகம் இன்னும் வாடியிருந்தது. "நீங்க சொல்றபடியே செஞ்சு குடுக்கச் சொல்லிட்டாங்க. இருட்டுக் காட்சி மொத்தம் ஒன்பது நிமிஷம்தான். இங்கேயே செஞ்சுடலாம். எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

விமர்சகர் கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்துச் சொச்சம் வருஷம் கடந்தும் எல்லாம் அப்படியே தெரிந்தது. "இடது ஓரம். மேல. அங்க கெட்டியா இருக்கும். அப்படியே சாய்வா இறங்கி, நடுவுல வர்றதுக்குள்ள கரைஞ்சிடணும்."

"காமிரா நகர்ந்தா பச்சையும் நகரணுமா?"

"நகராது. அது பாட்டுக்கு நிக்கும்."

"ஆளு வலது பக்கம் போயிட்டா?"

"விட்டுடும். திரும்ப இடது பக்கம் வந்தா பிடிச்சுக்கும்."

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். "வீட்டுக்குள்ள இருக்கற எந்த விளக்கும் இப்படி விழாதே சார்."

"அதாம்மா மேதைமை" என்றார் விமர்சகர்.

நாலு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. டிஸ்க் அடிக்கும் தொழிற்சாலைக்காரனிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் அவகாசம் வாங்கினார்கள். கொஞ்சம் குறை, இல்லை கூட்டு, ஓரத்தில் இன்னும் மங்கல் என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே செய்தாள். ஐந்தே முக்காலுக்குக் கதாநாயகி மறுபடி மாடிப்படி ஏறினாள். முதல் படியில் சாதாரண முகம். இடது பக்கம் ஒதுங்கித் திரும்பியதும், நெற்றியிலிருந்து கன்னம் வரை அந்தப் பச்சை வழுக்கிக்கொண்டு இறங்கியது.

விமர்சகர் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வயதில் எந்த வேலையும் இல்லாமல், வீட்டில் தண்டச்சோறு என்று பேர் வாங்கிக்கொண்டு, அந்த இருட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்த அதே முகம். உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று தனக்கு மட்டும் தெரிகிறது என்று அன்றைக்கு உடம்பு சிலிர்த்ததே, அதே சிலிர்ப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதேதான்மா. அச்சு அசல் இதேதான்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அழகாத்தான் சார் இருக்கு. பதினாலு மாசம் ஒவ்வொரு ஃப்ரேமா பாத்தேன். எனக்குத் தெரியவேயில்ல. எனக்கு இந்த வேலைக்குக் கண் போதாதோ என்னவோ."

"அப்படியெல்லாம் சொல்லாதம்மா" என்றார் விமர்சகர். அவருக்கு அவள் மேல் பரிதாபமாக இருந்தது. பெருந்தன்மையாகத் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பாக்கப் பாக்கப் பழகும்."

பிறகு உறைக்கான வரியை எழுதினார். 'அன்று திரையில் கண்டது கடுகளவும் பிசகாமல் மீண்டும் கிடைத்திருக்கிறது. இதற்கு நானே சாட்சி.' அவள் அதையும் படத்தையும் சேர்த்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. இனி யாரும் எதையும் மாற்ற முடியாது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நாற்காலியில் சாய்ந்தார்கள்.

மனைவிகூட மனமிரங்கி மூன்று தம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவது தம்ளர் மெக்கானிக்குக்கு. அவர் ரிப்பேர் பார்த்த இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி பின்கட்டிலிருந்து வந்தார். டிவியில் கதாநாயகி படியில் உறைந்து நின்றிருந்தாள். இடது ஓரத்தில் பச்சை.

மெக்கானிக் நின்றுவிட்டார். காலையிலிருந்து அவர் முகத்தில் பார்க்காத ஒரு சந்தோஷம் வந்தது.

"அட! ரயிலடித் தியேட்டர்தானே சார் இது?"

விமர்சகர் டீயைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒன்பது வருஷம் அங்க எலெக்ட்ரீஷியனா இருந்தேன் சார். இடது பக்கக் கதவுக்கு மேல 'வெளியே போகும் வழி'ன்னு ஒரு பச்சை விளக்கு எரியும். திரை இருட்டாச்சுன்னா போதும், எந்தப் படமா இருந்தாலும் அந்த வெளிச்சம் அது மேல போய் அடிக்கும், ஒரு மூடி வாங்கிக் குடுங்கன்னு முதலாளிகிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல... இந்தப் பொண்ணு எவ்வளவு நுணுக்கமா அதைக் கொண்டுவந்திருக்கு பாருங்க!"